நாஜி வதைமுகாம்களைப் பார்த்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

மலைச்சாரல்
மூன்று வருடம் ஆகியும் ஒரு விஷயம் என்னை விடவில்லை. எழுதிவிடலாம் என்றுதான் இந்த இழை.

ஜெர்மனியின் பூகன்வால்ட் முகாம், பிப்ரவரி மாதம். வைமாரில் 6ஆம் எண் பேருந்து ஏறினால் மேலே கொண்டுபோய் விடுகிறது. அந்தச் சாலையையே கைதிகளை வைத்துத்தான் போட்டார்கள், இரத்தச் சாலை என்று பெயர். வாசல் கதவில் இருக்கும் 'அவரவர்க்கு உரியது' என்ற வாசகம், முகாம் விடுதலையான நேரத்தில், 3.15-இல், நிறுத்தி வைத்த கடிகாரம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது தலை எண்ணும் திடலில் தரையோடு பதித்திருக்கும் ஓர் உலோகத் தகடு. சுற்றிலும் பனி மூடிக் கிடக்கிறது, அந்தத் தகட்டின் மேல் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. வயதான அம்மா ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து கையை வைத்தார். என்னையும் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். வைத்தேன். தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. மனித உடம்பின் சூடு, 37 டிகிரி. வருடம் முழுவதும் அப்படியே வைத்திருக்கிறார்கள். 1945 ஏப்ரல் 11-இல் முகாம் விடுதலையான சில நாட்களில், பிழைத்த கைதிகள் இறந்துபோன தோழர்களுக்காக ஒரு மரத்தூண் நட்டார்களே, அதன் நினைவாக. அங்கே இறந்தவர்கள் சுமார் 56,000 பேர்.

கையை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் யாரையோ குளிரில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது. உங்களுக்கு எது?

ஈரோட்டுப் பெண்
எனக்கு டாஹாவ். மியூனிக்கில் வேலை பார்த்தபோது ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவேன். நான்கு முறை போயிருக்கிறேன், நான்காவது முறைதான் பிணம் எரித்த கட்டடத்தில் இருந்த ஒரு பலகையை நின்று படித்தேன். நான்கு பெண்களின் பெயர்கள். அதில் ஒன்று நூர் இனாயத் கான்.

அப்பா பரோடாவில் பிறந்த சூஃபி இசைக்கலைஞர், திப்பு சுல்தான் வழிவந்த குடும்பம். குழந்தைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்த பெண், நாஜிகள் பிடித்து வைத்திருந்த பாரிஸிலிருந்து பிரிட்டனுக்கு வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பினார். பிடிபட்டு, மாதக்கணக்கில் சங்கிலியோடு சிறையில் கிடந்து, 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30. மூன்று முறை அந்தப் பெயருக்கு எதிரே நின்று பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்திருக்கிறேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. டாஹாவோ ஆஷ்விட்ஸோ, எல்லாம் கொல்வதற்கென்றே கட்டிய இடங்கள்தானே.

வடகரை
நூரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் உங்கள் கடைசி வரியை அப்படியே விட்டுப் போக முடியவில்லை, மன்னியுங்கள் சகோதரி.

டாஹாவ் திறந்தது 1933 மார்ச்சில். ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதலில் உள்ளே போனவர்கள் கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், தொழிற்சங்கத்துக்காரர்கள். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை, எத்தனை நாள் என்ற கணக்கும் இல்லை. எதிர்ப்பவனை உடைப்பதுதான் நோக்கம். பசி, வேலை, அடி, டைஃபஸ் காய்ச்சல் என்று 12 வருடத்தில் சுமார் 41,500 பேர் அங்கே இறந்தார்கள், ஆயிரக்கணக்கான சோவியத் போர்க்கைதிகளைச் சுட்டே கொன்றார்கள். நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் போலந்தில் கொல்வதற்கென்றே கட்டிய பெல்செக், சொபிபோர், ட்ரெப்ளிங்கா வேறு வகை. இந்த மூன்றில் மட்டும் சுமார் 17 லட்சம் யூதர்கள். அங்கே 'முகாம் வாழ்க்கை' என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ரயிலில் வந்தவர்களில் அநேகமாக எல்லோரும் இறங்கிய சில மணி நேரத்தில் இறந்துவிட்டார்கள். பெல்செக்கில் 4 லட்சத்துக்கு மேல் கொல்லப்பட்டார்கள், பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆஷ்விட்ஸ் இந்த இரண்டு வகையும் சேர்ந்தது, வேலைக்குப் பிரித்தெடுத்தவர்களில் சிலர் மிஞ்சினார்கள். நாம் இன்று கேட்கிற சாட்சியங்களில் பல அப்படி மிஞ்சியவர்கள் சொன்னவை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், சாட்சி சொல்ல ஆளே இல்லாமல் போனவர்கள் மறுபடியும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

நான் போனது ட்ரெப்ளிங்காவுக்கு. பார்க்க எதுவுமே இல்லை. 1943-இல் அவர்களே எல்லாவற்றையும் இடித்து, உழுது, மூடிவிட்டார்கள். இன்று அங்கே இருப்பது சுமார் 17,000 கற்கள். பலவற்றில் ஊர்ப் பெயர் இருக்கிறது. தனி மனிதர் பெயர் ஒரே ஒரு கல்லில்தான்: யானுஷ் கோர்ச்சாக். தன் அநாதை இல்லத்துக் குழந்தைகளை விட்டுப் பிரிய மறுத்து அவர்களோடு ரயிலேறியவர். அந்தக் கல்லின் அடியில் யாரோ ஒரு வண்ணப் பென்சில் வைத்திருந்தார்கள், மழையில் கரைந்து கல்லில் சிவப்பாக வழிந்திருந்தது.

ஆம்பூர்க்காரன்
நான் ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன். சோல் எத்தனை மடிப்பில் வெடிக்கிறது, எவ்வளவு தேய்கிறது, அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, எங்கே பிரிகிறது, இதுதான் என் வேலை. பெர்லினுக்கு பையர் மீட்டிங் போனபோது ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தது. ஒரானியன்பர்க்கில் ரயில் இறங்கி, வீடுகளுக்கு நடுவிலேயே நடந்து சாக்சன்ஹவுசன் முகாமுக்குப் போனேன்.

தலை எண்ணும் திடலின் ஓரமாக ஒரு பாதை. கொஞ்ச தூரம் கான்கிரீட், அப்புறம் கருங்கல் ஜல்லி, அப்புறம் மணல், சரளை, கரித்தூள் என்று மாறிக்கொண்டே போகிறது. பலகையைப் படிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் அது வெறும் பாதை. இத்தனை விதத் தரை ஒரே இடத்தில் எதற்கு என்று எங்கள் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும்.

போர்க்காலத்தில் தோல் தட்டுப்பாடு. தோலுக்குப் பதிலாக என்னென்னவோ பொருளில் சோல் செய்து பார்த்தார்கள். அதைப் போட்டு நடந்து தேய்க்க வேண்டுமே, அதற்குக் கைதிகள். 1940-இலிருந்து தண்டனைப் பிரிவில் இருந்தவர்களைச் சிறிதும் பெரிதுமான அளவு ஷூக்களைப் போட்டு ஒரு நாளுக்கு 40 கிலோமீட்டர் வரை நடக்க விட்டார்கள். சிலர் முதுகில் மூட்டையோடு. ஷூ கம்பெனிகள் ஆள் கணக்கில் பணம் கட்டின, பணம் போனது முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.-க்கு. நடந்தவர்களுக்குக் கிடைத்தது தண்ணி சூப். விழுந்தவர்களில் பலர் எழுந்திருக்கவே இல்லை.

பாதை ஒரு சுற்று சுமார் 700 மீட்டர். மனசு தானாகக் கணக்குப் போட்டது: 57 சுற்று. நான் ஒரு சுற்றை முடிக்கவில்லை, ஜல்லி வரைக்கும் போய் நின்றுவிட்டேன்.

ஊருக்கு வந்து மறுநாள் லேபில் மடிப்பு மெஷினை ஆன் செய்யும்போது கை ஒரு நிமிடம் நின்றது. அதன் பக்கத்தில் ரிப்போர்ட் படிவம் இருக்கும். தேதி, மாடல், எத்தனை சுழற்சி, எங்கே விரிசல். அவர்களும் இதே மாதிரி ஒரு தாளை நிரப்பியிருப்பார்கள். என்ன சோல், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு தேய்மானம். நடந்தவன் பெயருக்கு அதில் கட்டம் இருந்திருக்காது. இப்போதும் படிவத்தை நிரப்பும்போதெல்லாம் அது வருகிறது.

பயணப்பெட்டி
ஆஷ்விட்ஸுக்குப் போனேன், அதன் இரண்டாவது முகாமான பிர்கெனாவில் தண்டவாளம் முடிகிற இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கிராகோவிலிருந்து 65 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் ஆஷ்விட்ஸ் ஒன்று, மத்தியானம் பிர்கெனாவ், இரண்டுக்கும் நடுவே சுமார் 3.5 கிலோமீட்டர். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், அடையாள அட்டையும் வேண்டும். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள், தயவுசெய்து கேளுங்கள். ஒரு அறை முழுக்கத் தலைமுடி இருக்கிறது, சடை பின்னியது பின்னியபடியே. அதை ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு எப்படி விளக்குவீர்கள்? அங்கே படம் எடுக்கக் கூடாது, மறைத்தும் எடுக்காதீர்கள். தண்டவாளத்தின் மேல் கை விரித்து நடந்து படம் பிடித்துக்கொள்ளாதீர்கள். போவதற்கு முன் ஒருவருடைய சாட்சியத்தையாவது முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் செங்கல் கட்டடங்கள்தான் கண்ணில் படும். குளிர்காலத்தில் போனால் கனமான சாக்ஸ். அந்தக் குளிரில் அவர்கள் மெல்லிய கோடு போட்ட துணியில் மணிக்கணக்காக நின்றார்கள். குளிர்காலத்தில் மட்டுமல்ல, 1940 ஜூலையில் ஒருவர் தப்பித்துவிட்டார் என்பதற்காக மற்றவர்களை விடிய விடிய, சுமார் 20 மணி நேரம் திடலில் நிற்க வைத்தார்கள்.

வன்னிமரம்
நான் முகாம் ஒன்றுக்கும் போனதில்லை. ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. 2009இல் புதிதாகச் சேர்ந்த முதல் கிழமை, ஒரு அம்மாவின் கட்டில் விரிப்பு மாற்றப் போனேன். தலையணை உறைக்குள் காய்ந்த பாண் துண்டு, நீங்கள் ரொட்டி என்பீர்கள். எறும்பு வந்துவிடும் என்று எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். திரும்பி வந்து படுத்தவர் கையை உறைக்குள் விட்டுத் தடவினார். பிறகு கத்தினார். இப்போதும் அந்தச் சத்தம் காதில் கிடக்கிறது. சட்டைக் கை மேலே ஏறியபோதுதான் முழங்கைக்குக் கீழே 'ஏ' எழுத்தும் எண்களும் கண்டேன். எண் குத்தியது ஆஷ்விட்ஸில் மட்டும்தான். ஹங்கேரியிலிருந்து 1944இல் கொண்டுபோகப்பட்டபோது அவருக்கு 16 வயது என்று பிறகு மகள் சொன்னார்.

இரவில் கொடுக்கிற சுமார் 300 கிராம் பாண்தான் அடுத்த நாள் காலைக்கும். வைத்திருந்தால் களவு போகும், அதனால் தலைக்குக் கீழே வைத்துப் படுப்பார்களாம். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஊரில் போர்க்காலத்தில் நாங்களும் பங்கருக்குள் இருந்து நிவாரண அரிசியை எண்ணிச் சமைத்தவர்கள்தான். எனக்கே அது விளங்கவில்லையே என்பதுதான் ஆறவில்லை.

ஆம்பூர்க்காரன்
அக்கா, அதற்கப்புறம் அந்த அம்மா உங்களோடு பேசினார்களா?

வன்னிமரம்
பேசினார் தம்பி, ஆனால் அதைப் பற்றி ஒரு நாளும் இல்லை. நான் காலையில் பழைய துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுத் துண்டு வைப்பேன். அவர் தடவிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். இரண்டு வருடம் அப்படிப் போனது. அவர் இறந்த அன்று காலையும் வைத்திருந்தேன். மகளிடம் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.