புதுப்பிப்பு: பழைய சான் ஹுவானில் ஒரு நாள், போய் வந்தாச்சு

கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் பழைய சான் ஹுவானில் எனக்கு ஒரே நாள்தான், இரண்டு கோட்டைகளில் எதை விடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். எதையும் விடாதீர்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம், நடந்துபோகும் தூரம்தான்.

வெயில் ஏறுவதற்குள் சான் கிறிஸ்டோபல் கோட்டையை முடித்துவிடுங்கள். தரைவழி வரும் படையைத் தடுக்கக் கட்டியது அது. இன்னொரு கோட்டையான எல் மோரோ கடலைப் பார்த்து நிற்பது. 1539-ல் தொடங்கிய வேலை. 1595-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்களை இங்கிருந்த பீரங்கிகள்தான் திருப்பி அனுப்பின. அதன் முன்னால் இருக்கும் பெரிய புல்வெளியில் சாயங்காலம் குடும்பம் குடும்பமாகப் பட்டம் விடுகிறார்கள். கடல்காற்று அப்படி இழுக்கிறது! கோட்டையைவிட அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மனதில் நிற்பது தெருக்கல். இரும்பு உருக்கிய கசடில் வார்த்த நீலக்கற்கள். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம். ஒரு தூறல் விழுந்ததும் மயில்கழுத்து நீலம். குனிந்து தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதனால் பிடிமானமுள்ள செருப்பு கட்டாயம், வயதானவர்களோடு போனால் இன்னும் கவனம்.

அப்புறம், தள்ளுவண்டியில் பிராகுவா விற்பார்கள்: கோபுரம் போல் குவித்த சீவிய ஐஸ், மேலே பழச்சாறு. புளிச் சாறு ஊற்றியது இருக்கிறதா என்று கேளுங்கள். நான் இரண்டு சாப்பிட்டேன்.