முட்டை சேர்க்காத பம்கின் பை: அளவு சொல்லுங்களேன்

வணக்கம். நவம்பர் நாலாவது வியாழன், அமெரிக்கர்களின் நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் விருந்து இந்த வருஷம் எங்கள் வீட்டில். பக்கத்து வீட்டு அமெரிக்கக் குடும்பத்தோடு, முட்டை தொடாத என் மாமியாரும் இருப்பார். எல்லாரும் ஒரே இனிப்பைச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம் வைக்க மனம் வரவில்லை.

பம்கின் பையில், அதாவது மாவு ஓட்டுக்குள் பூசணிப் பூரணம் வைத்து பேக் செய்யும் இனிப்பில், பூரணத்தை இறுக வைப்பதே முட்டைதான். அதற்குப் பதிலாக, 425 கிராம் பூசணி விழுது டின்னுக்கு கார்ன்ஸ்டார்ச் எத்தனை ஸ்பூன் போடலாம்? கண்டென்ஸ்டு மில்க்கா, தேங்காய்ப்பாலா? பட்டை, சுக்கு, கிராம்பு வாசனைக்குத் தேங்காய்ப்பால்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது. அப்புறம், முந்தின நாளே பேக் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் அடி மாவு நமுத்துப் போகுமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். ஜெலட்டின் மட்டும் வேண்டாம்; அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது என்பதால் மாமியார் அதையும் சாப்பிட மாட்டார்.