கடுங்குளிரில் மோட்டார்ஹோம் குழாய்கள் உறையாமல் காக்க வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், குளிர்காலத்திலும் திறந்திருக்கும் டனல் மவுண்டன் முகாமில், பிள்ளைகளுடன் மோட்டார்ஹோமில் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டி) தங்கவிருக்கிறோம். அங்கு இரவில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிதல்ல.

வெளிக்குழாயை இணைக்காமல், வண்டியின் தொட்டியை நிரப்பிப் பம்ப் மூலம் பயன்படுத்துவதாக முடிவு செய்துள்ளேன். கழிவுநீர் வால்வைத் திறந்தே வைத்தால், சொட்டுச் சொட்டாக வழியும் நீர் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், கழிவுநீர்த் தொட்டி நிறையும்வரை அதை மூடியே வைத்து, புரொப்பிலீன் கிளைகால் கலந்த உறைதடுப்புத் திரவத்தையும் அந்தத் தொட்டியில் கொஞ்சம் ஊற்றுவேன்.

என் குழப்பமெல்லாம் வெப்பமூட்டுவதில்தான். மின் ஹீட்டரை மட்டும் வைத்தால் உள்ளே கதகதப்பாக இருக்கும். ஆனால், எங்கள் வண்டியில் புரொப்பேன் ஃபர்னஸின் (எரிவாயுவில் இயங்கும் வெப்பமூட்டி) சூடான காற்றுதான் தரைக்கு அடியிலுள்ள தொட்டிகளுக்கும் செல்வதால், அது ஓடாவிட்டால் கீழே எல்லாம் உறைந்துவிடும். இரண்டையும் எந்த அளவில் சேர்த்து இயக்குகிறீர்கள்? சிங்க்குக்குக் கீழே வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் குழாய்க்கு, இரவில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் போதுமா, வெப்ப நாடா (மின்சாரத்தால் சூடாகும் பட்டை) சுற்றுவது அவசியமா?

இத்தகைய குளிரில் தங்கிய அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விவரமாகத் தெரிவியுங்கள்.