புழுக்கம் என்று ஒரு டீ-ஷர்ட்

குழு: ஆயர் ஈத்தாம் – பட்டர்வொர்த் குடும்பம் (பினாங்கு, மலேசியா)

வெள்ளி, இரவு 9.14

நான்: [படம்]

நான்: ஒருவழியாக முடிந்தது. 14 டீ-ஷர்ட். சாயம் போட்டதும் நான், கட்டை செதுக்கியதும் நான், அச்சடித்ததும் நான். நாளை இரவு கடைத்தெருப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் கூட்டாளிகள் மூன்று பேர் வாசிக்கிறார்கள், அங்கே வாசலில் பெஞ்சு போட்டு விற்கப் போகிறேன். ஒன்று 25 வெள்ளி (ரிங்கிட்). குடும்பத்துக்குக் கழிவு கிடையாது.

சித்தி: ஏன்டி எல்லாம் கறுப்பு, உலகத்தில் வேறு கலரே இல்லையா

பெரிய மாமா: அதில் என்ன எழுதியிருக்கிறது பாப்பா? கண்ணாடியைப் போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். தமிழ் மாதிரியும் இருக்கிறது, சயாம் எழுத்து மாதிரியும் இருக்கிறது.

நான்: அது முதல் அச்சு மாமா. "புழுக்கம்" என்று எழுதினேன். லினோவில், அதாவது அச்சுக்கட்டைக்கு எடுக்கும் மிருதுவான தகட்டில், எது செதுக்கினாலும் இடவலம் மாறித்தான் விழும், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் ராத்திரி இரண்டு மணிக்கு நேராகவே செதுக்கிவிட்டேன். அப்புறம் மெல்லிய தாளில் எழுதி, தாளைப் புரட்டிப் போட்டு, இரண்டாவது கட்டை செதுக்கினேன். மற்ற எழுத்தெல்லாம் சரி, "ழு"வைத் திருப்பிச் செதுக்கிப் பாருங்கள், நம் மொழிமேலேயே கோபம் வரும்.

அண்ணன்: மாறி விழுந்ததையும் விற்றுவிடு. முதலில் அதுதான் போகும்.

அம்மா: என் மரக்கரண்டி எங்கே

அம்மா: நீளப் பிடி போட்டது

நான்: அம்மா, நம்மிடம் அச்சு இயந்திரம் கிடையாது இல்லையா, மை தடவிய கட்டைமேல் துணியை விரித்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால்தான் மை ஏறும். கையால் லினோ அடிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அம்மா: எல்லோரும் அவரவர் அம்மா கரண்டியிலா

அண்ணன்: சபா மாநிலத்தில் ரானாவ் பக்கம் பங்ரோக் சூலாப் என்று ஒரு குழு இருக்கிறது அம்மா. 2010இல் ஆரம்பித்தார்கள். கதவு அளவுக்குப் பலகையில் செதுக்கி, மை தடவி, துணியை மேலே போட்டு, பாட்டு வைத்து அதன்மேல் ஏறி ஆடுவார்கள், மிதி படப் படப் படம் துணியில் ஏறும். கரண்டியே தேவையில்லை. பங்ரோக் என்பது பங்க் ராக், சூலாப் என்றால் வயலில் இளைப்பாறும் குடிசை. "ஜாஙான் பெலி, பிக்கின் செண்டிரி" என்பதுதான் அவர்கள் வாசகம். வாங்காதே, நீயே செய்.

அம்மா: அப்படியென்றால் கரண்டியையும் அவளே செய்யட்டும்

பெரிய மாமா: 😂

பெரிய மாமா: புழுக்கம் என்று ஏன் பெயர்? வெயிலா, மனசா?

நான்: இரண்டும்தான் மாமா. நாளைக்கு வாசிக்கிறவர்களுடைய இசைக்கு வெளிநாட்டில் பத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், போஸ்ட் பங்க், டார்க் வேவ் என்று. அதையே உடுப்பில் கொண்டுவந்து "இருண்ட கோடை" என்று இந்த வருஷம் இணையம் முழுக்க ஓடுகிறது. கறுப்பு லேஸ், கறுப்பு லினன், கறுத்த சிவப்பு உதட்டுச் சாயம், வெயிலில் நின்றுகொண்டு சிரிக்காத முகம். அவர்களுக்குக் கோடை வருஷத்தில் மூன்று மாதம். நமக்கு எது கோடை, எது கோடை இல்லை? மத்தியானம் மூன்று மணிக்கு மழை கட்டிக்கொண்டு பெய்யாமல் நிற்கும் பாருங்கள், காற்று அசையாது, சட்டை முதுகில் ஒட்டும், காரணமே இல்லாமல் அழுகை வரும். அதற்கு நாம் வைத்திருக்கும் சொல் இதுதான். வேறு எதை அச்சடிப்பது?

பெரிய மாமா: அது சரி.

அம்மா: கறுப்புச் சட்டை, ராத்திரி, மாடி, சத்தமான பாட்டு. போலீஸ் வராதா? முன்பு பேப்பரில் எல்லாம் வந்ததே

அண்ணன்: அது பிளாக் மெட்டல் என்று கத்திப் பாடும் ராக் இசை அம்மா. 2001 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் சோதித்தார்கள், 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் அது இஸ்லாத்துக்கு முரண் என்று சொன்னது. இது வேறு. இதில் கத்தவே மாட்டார்கள். முணுமுணுப்பார்கள்.

நான்: நாளை பத்தரைக்குள் நிறுத்திவிடுவார்கள் அம்மா, கீழ்க்கடை முதலாளித் தவுக்கேயிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று.

பெரிய மாமா: போன வாரம் நீ போட்டிருந்த சட்டையில் இசிஜி மாதிரிக் கோடுகள் இருந்தனவே, அதுவும் இந்தக் கும்பல்தானா? எனக்குப் போன மாதம் எடுத்த இசிஜியைவிட மோசமாக இருந்தது.

அண்ணன்: மாமா, அது என் ஏரியா, நான் சொல்கிறேன். 1979இல் மான்செஸ்டர் பக்கத்து ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பத்து அட்டை. கோடுகள் ஒரு பல்சரிலிருந்து, அதாவது சுழன்றுகொண்டே துடிப்பு அனுப்பும் நட்சத்திரத்திலிருந்து, வந்த ரேடியோத் துடிப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக 80. அந்தப் பல்சரை 1967இல் கண்டுபிடித்தவர் ஜோசலின் பெல், அப்போது அவர் ஆராய்ச்சி மாணவி. 1.34 நொடிக்கு ஒரு துடிப்பு, நிமிடத்துக்கு 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலப் படத்தில் வெள்ளைமேல் கறுப்புக் கோடு, அட்டை வடிவமைத்தவர் அதைத் திருப்பிக் கறுப்புமேல் வெள்ளையாகப் போட்டார். திருப்பிப் போட்டதால் தப்பித்தது. தங்கச்சிக்கு மட்டும் திருப்பிப் போடத் தெரியவில்லை.

நான்: நீ கோலாலம்பூரிலேயே இரு.

பெரிய மாமா: 45 என்றால் என் டாக்டர் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லியிருப்பார்

சித்தி: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து சட்டை சாம்பல் கலரில் இருக்கிறது. நான் எல்லாம் கறுப்பு என்று நினைத்தேனே

நான்: அதைக் கேட்காதீர்கள் சித்தி. வெள்ளைச் சட்டையாக வாங்கி நானே சாயம் போட்டேன், அதுதான் மலிவு. சுத்தக் காட்டன் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். உப்பு, சோடா எல்லாம் அளவாகப் போட்டேன், கறுப்பு என்பதால் சாயத்தையும் இரண்டு மடங்கு போட்டேன், ஒன்பது சட்டை காக்கா மாதிரி வந்தது, ஐந்து மட்டும் பூனை மாதிரி வந்தது.

அம்மா: எந்தப் பாத்திரத்தில் சாயம் போட்டாய்

நான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: என் அண்டாவா

சித்தி: பாலியெஸ்டர் கலந்திருக்கிறதடி. அந்தச் சாயம் பருத்தியில் ஏறும், ரேயானில் ஏறும், பாலியெஸ்டரில் நின்றுபார்த்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். நூலுக்கு நூல் கலந்த துணியென்றால் பருத்தி மட்டும் கறுத்து மற்றது வெள்ளையாகவே நிற்கும், அதுதான் சாம்பல். இனிமேல் வாங்கும் முன் ஓரத்தில் ஒரு நூல் உருவி நெருப்பில் காட்டு. காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு உருகி மணி மாதிரிக் கெட்டியானால் பாலியெஸ்டர், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும். முப்பது வருஷமாக நான் அப்படித்தான் பார்க்கிறேன், போர்டை நம்பி ஒரு மீட்டர் வாங்கினதில்லை.

சித்தி: அப்புறம் கறுப்பு போட்டுக்கொண்டு வெயிலில் அலைந்தால் மயக்கம் வரும். சொல்லிவிட்டேன்

அண்ணன்: சித்தி, அதிலும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. பாலைவனத்து பெடூயின்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று 1980இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கறுப்புத் துணி வெயிலைக் கூடுதலாக உறிஞ்சத்தான் செய்கிறது, ஆனால் அந்தச் சூடு தோலுக்கு வந்து சேரும் முன்பே காற்றோடு போய்விடுகிறது, உடம்புக்கு வெள்ளையும் கறுப்பும் ஒன்றுதான்.

சித்தி: அங்கி என்று நீயே எழுதியிருக்கிறாய். தொளதொள. உள்ளே காற்று ஓடும். அங்கே காய்ந்த காற்று, வேர்வை வந்த மாதிரியே போய்விடும். இங்கே துவைத்த துணியே காயவில்லை, வேர்வை எங்கே காயும்? இவள் போடுவது உடம்போடு ஒட்டின டீ-ஷர்ட், அதற்கு உன் நேச்சர் என்ன சொல்கிறது?

அண்ணன்: நான் போய்ச் சாப்பிடுகிறேன்

சித்தி: பாப்பா, கறுப்பு மல் துணி கடையில் ஆறு மீட்டர் கிடக்கிறது, யாரும் கேட்பதில்லை. கைக்குழியை இறக்கி, இடுப்பு பிடிக்காமல், முழங்காலுக்குக் கீழே விழுகிற மாதிரி ஒன்று தைத்துத் தருகிறேன். லைனிங் கிடையாது, உள்ளே பாவாடை போட்டுக்கொள். அந்த பூட்ஸைத் தூக்கிப் போடு, போன தடவையே உள்ளே பூஞ்சை பூத்திருந்தது, நான் பார்த்தேன்.

நான்: சித்தி 🖤🖤🖤

அம்மா: அது என்ன கறுப்பு இதயம். நல்ல சிவப்பு போடு

சனி, காலை 6.40

பெரிய மாமா: [படம்: ரோஜாப்பூ, காலை வணக்கம்]

பெரிய மாமா: ஆத்தாளுக்கு நேற்று எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நீ அனுப்பின பாட்டையும் போட்டேன், மின்ஸ்க் ஊர்க்காரர்கள் பாடினது.

நான்: மோல்சாட் டோமா! 2017இல் பேலாரஸில் தொடங்கிய குழு, 2020இல் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது டிக்டாக் வழியாக உலகம் முழுக்கப் போய்விட்டது. எனக்கு ரஷ்ய மொழியில் ஒரு சொல் தெரியாது, மழை நாளில் அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் நிற்கிற மாதிரி இருக்கும், ஆனால் கால் தானாக ஆடும். பாட்டி என்ன சொன்னார்கள்?

பெரிய மாமா: அந்தப் பையன் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறான் என்று கேட்டார். அப்புறம், யார் செத்தது என்று கேட்டார். யாரும் சாகவில்லை, பாட்டே அப்படித்தான் என்றேன். அதற்கு ஒரு பிரசங்கம் வந்தது, பேசப் பேச எழுதுகிறேன், குரல் செய்தி போட்டால் அவருக்குக் கூச்சம்.

பெரிய மாமா: "கூலிம் தோட்டத்தில் இருக்கும்போது எந்தச் சாவு விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பாரி வைக்கிறவள் அழக்கூடாது கண்ணு. அழுதால் மூச்சு அறுந்துவிடும், தாளம் போய்விடும். வெளியே தப்பு அடிக்கிறவன் வேகம் கூட்டினால் நாங்களும் கூட்டவேண்டும், ஆம்பிளைகள் அங்கே ஆடிக்கொண்டிருப்பார்கள். துக்க வீட்டில் ஆட்டம் என்ன என்று அப்போது யாரும் கேட்டதில்லை. இந்தப் பையன் பாட்டிலும் அதே கதைதான், வாய் அழுகிறது, தாளம் அழவில்லை."

நான்: மாமா இதை இரண்டு தடவை படித்துவிட்டேன். நானும் கூட்டாளிகள் மூன்று பேரும் ஆறு மாதமாக இதைத்தான் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருக்கிறோம். டிரம் மெஷினை ஏன் நிறுத்தாமல் ஓட விடுகிறோம், பேஸ் கிடாரை ஏன் முன்னால் வைக்கிறோம் என்று. பாட்டி ஒரு நிமிஷம் பாடினால் போனில் பதிந்து பாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா?

பெரிய மாமா: "சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவை அழைக்கிற மாதிரி. மாட்டேன்."

பெரிய மாமா: கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் மாட்டேன்தான்.

அம்மா: அதெல்லாம் கேட்காதே பாப்பா. அம்மாவுக்கு 84 வயது

நான்: சரி, கேட்கமாட்டேன். மன்னிப்புச் சொல்லுங்கள் மாமா.

பெரிய மாமா: "கண்ணுக்குக் கறுப்பாகப் பூசுகிறாளே, அது கடை மையா? வேர்வையில் வழியும். அகலில் விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல். படிகிற கரியைச் சுரண்டி ஒரு சொட்டு விளக்கெண்ணெயில் குழைத்தால் ராத்திரி முழுக்க நிற்கும்."

சித்தி: நிற்கும். தலையணை உறையிலும் நிற்கும்

சனி, இரவு 11.52

நான்: 11 போய்விட்டது!! முதலில் போனது கண்ணாடி எழுத்துதான், ஒரு சீனப் பெண் வாங்கினாள், தமிழ் படிக்கத் தெரியாது, அவளுக்கு நேரா திருப்பமா என்பதே பிரச்சினை இல்லை. சாம்பல் ஐந்தில் நான்கு போனது. மாடியில் மின்விசிறி இரண்டுதான், ஐம்பது பேர், சுவரெல்லாம் வேர்வை, மின்னல் வேறு. சட்டையில் எழுதினதை யாருக்கும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அண்ணன்: ஞாயிறு ஹின் பஸ் டிப்போ சந்தையிலும் போட்டுப் பாரேன். பழைய பஸ் டிப்போவை 2014இல் ஓவிய இடமாகத் திறந்ததிலிருந்து வெளியூர் ஆட்களும் வருகிறார்கள்.

நான்: போடலாம், ஆனால் அங்கே போனால் சோப்பும் மெழுகுவத்தியும் விற்கிறவர்களுக்கு நடுவில் நின்று புன்னகைக்க வேண்டும், என் பொருள் அதற்கு எடுபடாது. ஆர்மீனியன் தெருவில் அந்த லித்துவேனியா ஓவியர் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் படம் ஞாபகம் இருக்கிறதா, முதல் மாதம் நாம் மட்டும் போய்ப் பார்த்தோம், இப்போது சைக்கிளைத் தொட வரிசை. படம் நல்ல படம்தான், வரிசைதான் எனக்கு ஆகவில்லை. மாடியே போதும், ஐம்பது பேர் போதும்.

அம்மா: சாப்பிட்டாயா

நான்: ரொட்டி சானாய் இரண்டு

ஞாயிறு, காலை 8.05

பெரிய மாமா: ஆத்தா எழுந்ததும் ஒன்று சொன்னார். "ஒப்பாரி கிடையாது. தாலாட்டு வேண்டுமென்றால் பாடுகிறேன். எனக்கு இரண்டுக்கும் இழுவை ஒன்றுதான், சொல்தான் வேறு."

நான்: மாமா நிஜமாகவா

பெரிய மாமா: இன்றைக்கே என்கிறார். நாளைக்குக் கேட்டால் மனம் மாறிவிடும், எனக்கு அவரைத் தெரியும். எனக்குப் பத்து மணிக்குப் பினாங்கில் வேலையும் இருக்கிறது.

சித்தி: அப்படியே அம்மாவைக் கடைக்குக் கூட்டிவா அண்ணே. மல் துணியை வெட்டிவிட்டேன், இவளுக்கு அளவு பார்க்கவேண்டும்

அம்மா: ஃபெரியில் வராதீர்கள் அண்ணே, அதில் இப்போது கார் ஏற்ற மாட்டார்கள், அம்மாவால் படகுத் துறையிலிருந்து அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பாலத்தில் வாருங்கள்

பெரிய மாமா: அவருக்குக் கடலைப் பார்க்கவேண்டுமாம். ஃபெரிதான் என்கிறார்.

நான்: ஒன்பதே காலுக்கு நான் படகுத் துறை வாசலில் நிற்கிறேன், சக்கர நாற்காலி கேட்டு வாங்கி வைக்கிறேன்.

அம்மா: குடை எடுத்துப் போ, மழை கட்டுகிறது. கறுப்புக் குடை வேண்டாம்