ஒளியே தப்பாத கருந்துளையிலிருந்து தாரை (வெளியே பீய்ச்சியடிக்கும் ஒடுங்கிய பாய்ச்சல்) எப்படி? இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்

ஏலகிரி_ராத்திரி:
போன மார்ச் வான்நோக்கு முகாம், அமாவாசையை ஒட்டி. பத்து அங்குலத் தொலைநோக்கியில் அரை மணி நேரம் தேடி, கன்னி மண்டலத்து 3சி 273 என்ற குவேசாரைப் (கருந்துளையைச் சுற்றிய வாயு பிரகாசமாக ஒளிரும் தொலைதூர விண்மீன் திரளின் மையம்) பிடித்தேன். வரிசையில் நின்ற ஏழாம் வகுப்புப் பையன் குனிந்து பார்த்தான். "சும்மா நட்சத்திரம் மாதிரிதானே இருக்கு?" 240 கோடி ஒளியாண்டு, நடுவில் கருந்துளை, அது வெளியே தாரையைத் துப்புகிறது என்று வேகவேகமாக அடுக்கினேன். கண்ணை எடுக்காமலே கேட்டான்: "ஒளியே தப்பிக்காதுன்னு இப்பதானே சொன்னீங்க. அப்புறம் எப்படித் துப்பும்?" பின்னால் ஆள் நிற்கிறது என்று அவனை நகர்த்திவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

நிறமாலைக்காரி:
"துப்புகிறது" என்றதுதான் வினை. உள்ளே விழுந்தது விழுந்ததுதான். விழுவதற்கு முன்பே, வெளியே சுழலும் வாயு வட்டிலிருந்து கிளம்புகிறது. நானும் மாட்டியவள்தான். முதுகலை ப்ராஜெக்டில் ஒரு குவேசார் நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த வரைபடம்). கார்பன் வரியின் மேட்டுக்கு நீலப் பக்கம் பெரிய பள்ளம். கருவிக் கோளாறு என்று அந்தத் துண்டை வெட்டிவிட்டு வரைபடத்தைக் கொடுத்தேன். வழிகாட்டி ஒன்றும் திட்டவில்லை. வெட்டிய இடத்தில் பென்சிலை வைத்து, "இதாம்மா காற்று" என்றார். நம்மை நோக்கி நொடிக்குப் 10,000 கி.மீ. வேகத்தில் வரும் வாயு, ஒளியை விழுங்கிய தடம்! வட்டின் புற ஊதா ஒளியே அதைத் தள்ளுகிறதாம்.

மொட்டைமாடி_மாமா:
காற்றுக்குச் சரிம்மா. தாரையையும் அதே கூடையில் போடாதே. வெறும் ஒளி தள்ளி, ஒளிவேகத்தை ஒட்டிப் பாயும் தாரை வராது. சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றிய காந்தப்புலக் கோடுகளை முறுக்குகிறது. அதில் அதன் சுழற்சி ஆற்றலே வெளியே போகிறது. வானியற்பியலாளர்கள் பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் 1977இல் சொன்னது. ஆக, பையனுக்கு "வட்டிலிருந்து" என்பது பாதி பதில்தான். எல்லா குவேசாரிலும் பலமான தாரை கிடையாது. ஏறக்குறைய பத்தில் ஒன்றில்தான்.

என் அனுபவம் சின்னது. எட்டு அங்குலத்தில் கேமரா மாட்டி எம்87 என்ற விண்மீன் திரளை எடுத்தேன் (குவேசார் இல்லை, தெரியும், சண்டைக்கு வராதீர்கள்). மையத்திலிருந்து நகக்கீறல் மாதிரி ஒரு கோடு, அதன் தாரை. 1918இல் வானியலாளர் கர்ட்டிஸ் கண்ட அதே கோடு!

ஏலகிரி தம்பி, நீங்களும் அதையே காட்டுங்கள். அதுவும் கன்னியில்தான். நீண்ட நேரம் திறந்து வைத்தால் மையம் வெளுத்துக் கோட்டை மறைத்துவிடும். சின்னச் சின்னப் படங்களாக நிறைய எடுத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள். நிலா இருக்கக்கூடாது. பனி படியாமல் இருக்க வில்லைக்குச் சூடேற்றும் பட்டை வாங்கிவிடுங்கள். அந்தப் பட்டைக்குத் தனி பேட்டரி...

ஏலகிரி_ராத்திரி:
மாமா, நான் கேமரா கேட்கவேயில்லை. வருகிற மார்ச்சில் மறுபடி முகாம் இருக்கிறது. பையன் வந்தால் வட்டையும் காந்தத்தையும் சொல்கிறேன். பின்னால் வரிசை நிற்கட்டும்.