பின்னால் உட்காருபவருக்கு ஹெல்மெட்: உங்க வீட்டில் எப்படிங்க?

பெருந்துறைக்காரன்:

அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊத்துக்குளி, காங்கேயம் என்று எங்கே ஒறம்பரை வீட்டு விசேஷம் என்றாலும் என் ஸ்கூட்டரில் ஒருபக்கமாக உட்கார்ந்துதான் வருவார். ஹெல்மெட் என்றாலே, "ஓட்டறவன் நீ. எனக்கு எதுக்கு சாமி அது?" என்பார்.

மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவில் ஓட்டுபவரையும் பின்னால் இருப்பவரையும் சேர்த்தேதான் சொல்லியிருக்கிறது. நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் உண்டு, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மட்டும் விலக்கு. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் 100லிருந்து 1,000 ரூபாய் ஆனதையும் சொல்லிப் பார்த்தேன். அம்மா மசியவில்லை.

கடைசியில் பெருமாநல்லூர் நால்ரோட்டில் ஒரு போலீஸ்காரர் பக்கத்து வண்டி அம்மாவிடம் சொன்னதுதான் எடுபட்டது. "ஓட்டறவருக்குக் குழி வர்றது தெரியுமுங்கம்மா, இறுக்கிப் புடிச்சுக்குவாரு. நீங்க பராக்குப் பாத்துட்டு வருவீங்க. பிரேக் அடிச்சாத்தான் உங்களுக்குத் தெரியும்." எங்கம்மா அதை நன்றாகவே காதில் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் கொண்டை. உச்சிக்குக் கீழே கொண்டை போட்டால் ஹெல்மெட் முன்பக்கம் சரிந்து கண்ணை மறைக்கிறது. அதற்காகப் பெரிய சைஸ் வாங்கினால் லொடலொடவென்று ஆடும், அதற்குப் போடாமலே இருக்கலாம். இப்போது பிடரிக்குக் கீழே தாழ்வாக முடிந்துகொள்கிறார். பூவை வாழை இலையில் சுருட்டி டிக்கியில் வைத்துவிட்டு, மண்டப வாசலில் இறங்கித்தான் வைத்துக்கொள்வார். முதல் நாள் பெரியம்மா, "ஏம்புள்ள, குண்டானைக் கவுத்துட்டு வந்திருக்கற?" என்று சிரித்தது. அம்மா கண்டுகொள்ளவே இல்லை.

உங்க வீட்டில் எப்படி? சொல்லுங்க.

செக்கிங் அக்கா, திருப்பூர்:

பனியன் கம்பெனி விடும் நேரத்தில் எங்க ரோட்டில் வந்து பாருங்க. முக்கால்வாசிப் பேர் ஹெல்மெட் போட்டிருப்பார்கள், வார் மட்டும் காற்றில் ஆடும். எங்க செக்‌ஷன் பொண்ணு ஒருத்தி பின்சீட்டில் இருந்து விழுந்தபோது ஹெல்மெட் தனியாக உருண்டு போச்சு. நல்லவேளை, நெற்றியில் தையலோடு தப்பித்தாள். 'டக்' என்று சத்தம் வரும்வரை மாட்ட வேண்டும். மாட்டியபின் பின்னாலிருந்து மேலே தூக்கிப் பாருங்க, கழன்று வந்தால் அது தலைக்கு உதவாது.

ரோட்டோரம் விற்கும் தொப்பி மாதிரி ஐட்டம் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்க. 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், திரும்ப எழும்பாது. அதனால் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். அந்தப் பொண்ணு அதையே துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு வந்தபோது நான்தான் பிடுங்கி வைத்தேன்.

இன்னொன்று, ஷால். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும். பைக்கில் பின்சக்கரத்தைப் பாதியாவது மறைக்கிற சேலை கார்டும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் இருக்க வேண்டும் என்பது விதி. அழகாக இல்லை என்று கார்டைக் கழற்றி வீசுகிற பையன்களை என்ன சொல்வது!

பொள்ளாச்சி அப்பா:

குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்க தெருவில் எல்லா ஸ்கூட்டரிலும் குழந்தை முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் பள்ளிக்கூடம் போகிறது. பிரேக் அடித்தால் முதலில் மோதுவது அதன் வாய்தான். 2022 பிப்ரவரியில் அறிவித்த மத்திய விதி ஒன்று இருக்கிறது: ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை என்றால், குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், அளவான ஹெல்மெட் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. சைக்கிள் ஹெல்மெட்டும் செல்லும். அது கனமில்லை, எங்க குட்டி அழாமல் போட்டுக்கொள்கிறாள். பெல்ட்தான் பொள்ளாச்சிக் கடைகளில் கேட்டால் முழிக்கிறார்கள்.

கோபி வாத்தியார்:

எங்க அப்புச்சிக்கு மெதுவாகப் போகும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போனோம். 250 வாட்டுக்குள் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம். பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட்டும் வேண்டாம் என்றார் கடைக்காரர். சரிதான், அந்த அளவுக்குள் இருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. ஆனால் சத்தி ரோட்டில் பஸ்காரனுக்கு அந்தக் கணக்கு தெரியுமா? ஹெல்மெட்டும் சேர்த்தே வாங்கினோம்.

பெருந்துறைக்காரன்:

பொள்ளாச்சி சாருக்கு: அந்தப் பெல்ட்டை ஆன்லைனில்தான் தேட வேண்டும். 30 கிலோ வரை தாங்குமா, நீளம் கூட்டிக் குறைக்க முடியுமா, நனைந்தால் கெடாததா என்று பார்த்து வாங்குங்க. விதியும் அதைத்தான் கேட்கிறது.

செக்கிங் அக்கா, ஷால் விஷயத்தை இன்றைக்கே தங்கச்சியிடம் சொல்கிறேன்.