செயலாளருக்கு நிற்கச் சொல்கிறார்கள், என் கடை பில்லை என்ன செய்வது?

ஜிந்துப்பிட்டி அப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். மகன் தரம் 8, மகள் தரம் 4, இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம். அடுத்த மாதம் அங்கே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம். செயலாளர் பதவிக்கு என் பெயரை முன்மொழியப் போவதாக மகளின் வகுப்புப் பெற்றோர் நாலைந்து பேர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏன் நான் என்று கேட்டால், படிவம் நிரப்புவதுதான் காரணம். முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் போடுகிற நாட்களில் வட்டாரத்தில் பாதிப் பேர் என் மேசை முன்னால்தான் நிற்பார்கள். வாக்காளர் இடாப்பு ஐந்து வருடத்துக்கு, லைட் பில், வீட்டு உறுதி எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பேன். இடாப்பில் ஒரு வருடம் பெயர் விடுபட்டிருந்தால் அந்த அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறேன். சிங்களத்தில் வரும் கடிதங்களையும் வாசித்துச் சொல்வேன்.

இன்னொரு கதையும் சொல்கிறார்கள். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிப் போட்டார்களே, அப்போது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் அடிக்க நான் ஒரு ரீம் சும்மா கொடுத்தேன். அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்குக் கீழே இன்னும் இரண்டு ரீம் இருந்தது, விலை ஏறட்டும் என்று வைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

நிற்க ஆசை இருக்கிறது. காரணம் ஒரு பைப். ஆரம்பப் பிரிவில் மூன்று மலசலகூடம், தண்ணீர் வருவது ஒன்றில்தான். மற்ற இரண்டுக்கும் பெயின்ட் வாளியில் பிள்ளைகளே தண்ணீர் தூக்கிப் போகிறார்கள். என் மகள் காலையில் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தலைத் திறப்பதே இல்லை. ஒன்றரைக்கு மணி அடித்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று மொத்தத்தையும் குடிப்பாள். முதலில் வெயில் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே போகாமல் இருக்கத்தான் குடிக்காமல் இருக்கிறாள்.

இப்போது சிக்கல். பள்ளிக்கூடத்தின் அச்சு வேலை முழுக்க என் கடையில்தான் நடக்கிறது. தவணைப் பரீட்சை மாதத்தில் அந்த பில்லில் பாதிக் கடை வாடகை வந்துவிடும். செயலாளரானால் என் பில்லை நானே கூட்டத்தில் வைத்து, நானே எழுதி, நானே பாஸ் பண்ண வேண்டி வரும். சங்கத்தின் போன வருடக் கணக்கறிக்கையை அடித்ததும் என் மெஷின்தான். "இதர செலவு" என்ற வரியை எல்லாரையும் விட முதலில் பார்த்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. மனைவி, "கடையை என் பெயருக்கு மாத்திட்டு நில்லுங்க" என்கிறாள்.

எதிரே நிற்கப்போவது ஒரு பழைய மாணவர், வசதியானவர். வாசலில் வளைவு கட்டித் தருகிறாராம். நான் நிற்கலாமா?

---

முகத்துவாரம் முன்னாள் எழுதியது:

அண்ணன், நான் மூன்று வருடம் செயலாளராக இருந்தவன். மனைவி பெயருக்கு மாற்றும் வேலை மட்டும் வேண்டாம். ஜிந்துப்பிட்டியில் யார் வீட்டில் என்ன கறி என்பதே நாலு ஒழுங்கைக்குத் தெரியும்.

பள்ளிக்கூட அதிபர்தான் பதவி வழியில் சங்கத்தின் தலைவர், அதற்குத் தேர்தல் கிடையாது. செயலாளர் என்றால் பெரிய அதிகாரம் என்று நினைத்துப் போகாதீர்கள். கையில் இருப்பது கூட்டறிக்கைப் புத்தகம் ஒன்றுதான், ஆனால் அது சாதாரணமில்லை. "பைப் போடுவோம்" என்று பேசிவிட்டு எழும்பிப் போனால் அது காற்றோடு போச்சு. "எந்தத் திகதிக்குள், யார் பொறுப்பு" என்று அன்று இரவே எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக வாசித்தால் ஆட்கள் நெளிவார்கள். எங்களுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி வந்தது அப்படித்தான். ஏழு கூட்டத்தில் ஒரே வரியை வாசித்தேன், கடைசியில் நான் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள்.

பில் விஷயத்தை வாக்கெடுப்புக்கு முன்னால் எழும்பி நின்று சொல்லுங்கள். பதவியில் இருக்கும்வரை பள்ளிக்கூட வேலை எடுக்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நட்டம்தான். முடியாது என்றால் நிற்காதீர்கள், அதிலும் கௌரவக் குறைவு இல்லை.

---

தெமட்டகொட எழுதியது:

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டு வந்தது 1945இல். இன்றைக்கும் சுவருக்கு வெள்ளையடிக்க, திரைச்சீலை வாங்க என்று நம்மிடம்தான் கவர் நீட்டுகிறார்கள். செயலாளரானால் அந்தக் கவரை நீட்டுகிற ஆள் நீங்கள். நாளைக்குக் கடை முன்னால் ஆட்கள் தெருவைக் கடந்து போவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வெள்ளவத்தை டீச்சர் எழுதியது:

தம்பி, 31 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். மகளைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அப்படி எத்தனை பிள்ளைகள்! சில டீச்சர்மாரும் அப்படித்தான், ஒருவரும் வெளியே சொல்வதில்லை.

கூட்டம் எத்தனை மணிக்கு? கிழமை நாளில் இரண்டு மணிக்கு என்றால் புறக்கோட்டைக் கடைகளில் நிற்கிற அம்மாமார் எப்படி வருவார்கள்? வருகிற 40 பேர் கை தூக்கித்தான் எல்லாம் முடிவாகும். சனிக்கிழமை வைக்கச் சொல்லி இப்போதே எழுத்தில் கேளுங்கள். வளைவுக்காரர் ஜெயித்தாலும் அது மிஞ்சும்.

"இதர செலவு" பற்றி: பொதுக்கூட்டத்தில் அங்கத்தவராகவே கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, அரச பாடசாலைக்கும் பொருந்தும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அதைக் கடைசிக்கு வையுங்கள். முதல் நாளே அந்தக் கடிதத்தோடு போனால் அதிபர் கதவைச் சாத்திக்கொள்வார், பைப்பும் வராது. முதலில் போய் வாயால் கேளுங்கள். அதிபர்மாருக்கும் கேட்க ஆள் இல்லாத கவலைகள் உண்டு.

---

ஜிந்துப்பிட்டி அப்பா எழுதியது:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. தெமட்டகொட, நீங்கள் சொன்னது தொடங்கிவிட்டது, ஒருவர் ஏற்கனவே தெருவைக் கடக்கிறார்.

டீச்சர் சொன்னபடி அதிபரிடம் நேரே போனேன். இனி உங்கள் வேலை எடுக்க மாட்டேன் மிஸ் என்றதும், "பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு வேறு யார் கடை திறப்பார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்று கடையில் விலை கேட்டுப் பார்க்கலாம் என்றேன். நானே கொட்டாஞ்சேனைப் பக்கம் போய் விசாரித்தேன். ஒரு பக்கத்துக்கு என் விலையை விட 2 ரூபா குறைவு. இவ்வளவு காலமும் நான் சொன்ன விலையை ஒருவரும் கேள்வி கேட்காமல் கட்டியிருக்கிறார்கள், நானும் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அப்படியே போட்டுவிட்டேன், நிற்கிறேன் என்ற செய்தியோடு சேர்த்து. நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒரு அப்பா, "அப்ப பழைய காசு?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. இரண்டு மலசலகூடத்துக்கும் பைப் இழுக்க எவ்வளவு வரும் என்று பைப் வேலை செய்கிற பாஸைக் கூட்டிப்போய் அளந்தேன், அந்தக் கணக்கையும் பழைய பில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு மாறியிருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பழைய மாணவரின் டிரைவர் கடைக்கு வந்தார். வளைவின் படம், ஏ3 கலரில் நாலு பிரதி வேண்டுமாம். உச்சியில் அவருடைய பெயர், கீழே சின்னதாகப் பள்ளிக்கூடத்தின் பெயர். நல்ல கடதாசியில் அடித்துக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனை விலையைத்தான் வாங்கினேன்.